குழியில் இறங்கிய கார்: அடி எங்கே பட்டிருக்கும்?



"நீ இன்ஜினியரிங் தானே படிக்கிற, இதைக் கொஞ்சம் பாரு." இந்த வசனத்தைக் கேட்காத ஆள் நம்ம காலேஜ்ல இருக்க முடியாது. ஃபேன் சத்தம் போட்டாலும் நாமதான், மிக்ஸி ஓடலைன்னாலும் நாமதான். ஐப்பசி, கார்த்திகை மழை வந்துட்டா இந்த லிஸ்ட்ல இன்னொண்ணு சேரும்: "குழியில கார் இறங்கிடுச்சு, டமார்னு சத்தம் கேட்டுச்சு. ஆனா வண்டி நல்லாத்தான் ஓடுது. அப்படியே விட்டுடலாமா?"

விடக் கூடாது. கார் ஓடுறதும் கார் நல்லா இருக்கிறதும் ஒண்ணு இல்ல. குழியோட விளிம்புல பட்ட அடி டயர், ரிம், லோயர் ஆர்ம், ஸ்டியரிங் ராட், ஸ்ட்ரட் என்று ஒரு வழியா பாடிக்குள்ள போகுது. இந்த வழியில எது வேணும்னாலும் வளைஞ்சிருக்கலாம். விசை போன வழியிலேயே நாமும் வரிசையா பார்த்துக்கிட்டுப் போனா போதும், எங்கே அடின்னு கண்டுபிடிச்சிடலாம். எப்படின்னு பார்ப்போம்.

குழி எப்படி வருது?

தார் ரோட்டுக்கு முதல் எதிரி லாரி இல்ல, தண்ணி. மேல் அடுக்குல விழுற சின்ன விரிசல் வழியா மழைத்தண்ணி அடியில இருக்கிற ஜல்லி அடுக்குக்குள்ள இறங்கும். மேலே ஒவ்வொரு சக்கரமும் போகும்போது அந்தத் தண்ணி அழுத்தப்பட்டு, நுண்ணிய மண்ணை அரிச்சு வெளியே தள்ளும். தாரும் கல்லை விட்டுப் பிரியும். அடியில பிடிமானம் போனதும் மேல் அடுக்கு உடைஞ்சு விழும். குளிர் நாடுகள்ல தண்ணி உறைஞ்சு விரிவடைவதும் சேர்ந்து ரோட்டை உடைக்கும். நமக்கு அது தேவையே இல்ல. வடிகால் இல்லாம தேங்குற தண்ணியும், குழாய்க்கும் கேபிளுக்கும் வெட்டிட்டு அரைகுறையா மூடுன பள்ளமும் போதும்.

0.03 வினாடியில் நடப்பது

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். கார் 60 கி.மீ. வேகத்துல போகுது, அதாவது வினாடிக்கு 16.7 மீட்டர். குழியோட நீளம் அரை மீட்டர். கடக்க ஆகும் நேரம் 0.03 வினாடி. புவியீர்ப்பு மட்டும் இழுத்தா அந்த நேரத்துல சக்கரம் 4.4 மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். அப்போ ஏன் அவ்வளவு பெரிய அடி?

காரணம் ஸ்பிரிங். ஒரு ஹேட்ச்பேக் காரோட முன் சக்கரம் ஒண்ணு சுமார் 325 கிலோ எடையைத் தாங்குதுன்னு வைப்போம். அந்த எடைக்காக அமுங்கி நிக்கிற ஸ்பிரிங், ரோடு காணாம போன அந்த நொடியில சுமார் 3,200 நியூட்டன் விசையோட சக்கரத்தைக் கீழே தள்ளும். சக்கரமும் அதோட சேர்ந்த பாகங்களும் 35 கிலோன்னு எடுத்துக்கிட்டா, முடுக்கம் புவியீர்ப்பைப் போல பத்து மடங்கு. 0.03 வினாடியில சக்கரம் நாலரை சென்டிமீட்டர் இறங்கிடும். ஷாக் அப்சார்பர் தடுக்கிறதாலயும், ஸ்பிரிங் விரிய விரிய விசை குறையிறதாலயும் உண்மையில இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் சில சென்டிமீட்டர் கீழே போன சக்கரம், அதே வேகத்துல குழியோட எதிர் விளிம்புல போய் முட்டுது. இந்த முட்டல்தான் நாம கேட்கிற "டமார்".

முதல்ல நிறுத்துங்க, அப்புறம் பாருங்க

ஓரமா, பாதுகாப்பான இடமா பார்த்து நிறுத்தி ஹசார்ட் லைட்டைப் போடுங்க. அடுத்து இந்த வரிசையில பாருங்க.

1. டயர்: விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல டயரோட பக்கச்சுவர் நசுங்குது. உள்ளே இருக்கிற நூல் இழைகள் அறுந்தா, அந்த இடத்துல காத்து ரப்பரை வெளியே தள்ளி ஒரு புடைப்பு வரும். நெத்தியில அடிபட்டு வீங்கின மாதிரி இருக்கும். இது உடனே வரலாம், ஒரு வாரம் கழிச்சும் வரலாம். பஞ்சர் கடையில இதுக்கு வைத்தியம் கிடையாது, டயரை மாத்தித்தான் ஆகணும். "ஸ்டெப்னியா போட்டு வைப்போம்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. பைபாஸ்ல 100 கி.மீ. வேகத்துல அது வெடிச்சா வண்டி கையில நிக்காது. டயரோட உள்பக்கத்தையும் மறக்காம பாருங்க. பலர் வெளிப்பக்கத்தைப் பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க.

2. ரிம்: ஸ்டீல் ரிம் வளையும், பெண்டு எடுக்கலாம். அலாய் சில நேரம் வளையும், சில நேரம் விரிசல் விடும். லேசான வளைவை நிமிர்த்தலாம். விரிசல் விட்டதை வெல்டிங் வெச்சு ஓட்டுறது ஆபத்து. டயர்ல ஆணியே இல்லாம தினமும் காத்து இறங்குதுன்னா ரிம்மைச் சந்தேகப்படுங்க.

3. காருக்கு அடியில்: குனிஞ்சு பாருங்க. சொட்டுறது தெளிந்த தண்ணியா இருந்து, ஏசி ஓடிக்கிட்டிருந்திருந்தா பயமில்ல. பழுப்பு அல்லது கருப்பா எண்ணெய்ப் பசையோட இருந்தா இன்ஜின் ஆயிலா இருக்கலாம், அதாவது மெக்கானிக் அண்ணன்கள் "சேம்பர்"னு சொல்ற ஆயில் சம்ப் உடைஞ்சிருக்கலாம். பச்சை, சிவப்பு மாதிரி நிறத்துல இருந்தா கூலண்ட். ஆயில் ஒழுகினாலோ, டேஷ்போர்டுல ஆயில் விளக்கு எரிஞ்சாலோ இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. "பக்கத்துலதானே ஷெட்டு"ன்னு ஓட்டினா, சம்ப் செலவோட முடிய வேண்டியது இன்ஜின் செலவாகிடும்.

ஓட்டும்போது தெரியும் அறிகுறிகள்

மேலே சொன்ன மூணும் சரியா இருந்தா, மெதுவா ஓட்டிப் பாருங்க. கார் பேசும், கேட்கத் தெரியணும்.

நேரா போகும்போது ஸ்டியரிங் கோணலா நின்னா, இல்லை கார் ஒரு பக்கமா இழுத்தா, அலைன்மென்ட் போயிருக்கு அல்லது ஏதோ ஒரு ராட் வளைஞ்சிருக்கு. 80 கி.மீ. பக்கத்துல ஸ்டியரிங் நடுங்கினா ரிம் வளைவு, டயர் அடி அல்லது பேலன்சிங். ஸ்பீடு பிரேக்கர்ல "டொக் டொக்"னு தட்டினா லிங்க் ராட், பால் ஜாயின்ட், புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் இதுல ஏதோ ஒண்ணு. வேகத்தோட கூடுற "ம்ம்ம்"ங்கிற ரீங்காரம் வளைவுகள்ல மாறினா வீல் பேரிங். ஷெட்டுல "என்னமோ சத்தம் வருது"ன்னு சொல்றதுக்கும் "ஸ்பீடு பிரேக்கர்ல இடது முன்பக்கம் தட்டுது"ன்னு சொல்றதுக்கும் பில்லுல வித்தியாசம் தெரியும்!

அலைன்மென்ட் பேப்பரைப் படிக்கக் கத்துக்கோங்க

சக்கரம் போற திசையிலிருந்து அரை டிகிரி விலகி நின்னா என்ன ஆகும்? அரை டிகிரியோட சைன் மதிப்பு 0.0087. அதாவது 1 கி.மீ. ஓடினா டயர் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டுல தேய்க்கப்படுற மாதிரி. 1,000 கி.மீ. ஓடினா 9 கி.மீ. புது டயர் சில மாசத்துலயே ஒரு ஓரமா மொட்டையாகிறது இப்படித்தான்.

அலைன்மென்ட் செய்யும்போது "முன்", "பின்" ரெண்டு அளவுகளும் இருக்கிற பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்க. அதுல டோ, கேம்பர், கேஸ்டர்னு மூணு அளவு இருக்கும். நம்ம ஊர் சின்ன கார்கள் பெரும்பாலானதுல முன்பக்கம் திருகி மாத்தக்கூடியது டோ மட்டும்தான். கேம்பரும் கேஸ்டரும் பாகங்களோட வடிவத்தாலயே அமையுற அளவுகள். அதனால டோ பச்சைக்கு வந்துட்டு கேம்பர் சிவப்பாவே இருந்தா, அலைன்மென்ட் முடியலைன்னு அர்த்தம். லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், நக்கிள் இதுல ஏதோ வளைஞ்சிருக்கு. அதைக் கண்டுபிடிக்காம டோவை மட்டும் சரி பண்ணி அனுப்பினா, ரெண்டு மாசத்துல டயர் தேய்ஞ்சு நீங்க திரும்பவும் அங்கேதான் நிப்பீங்க.

இன்சூரன்ஸ்: கிளைம் பண்ணலாமா?

சட்டம் கட்டாயப்படுத்துறது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். அது மட்டும் இருந்தா உங்க கார் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு இருந்தா குழியில பட்ட அடி விபத்துக் கணக்குல வரும். ஆனா வழக்கமான பாலிசியில மூணு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, டயர் மட்டும் சேதமானா பணம் கிடையாது. காரோட வேற பாகமும் அதே விபத்துல சேதமாகியிருந்தா டயர் விலையில 50% தான். ரெண்டு, உலோகப் பாகங்களுக்கு வயசுக்கேத்த தேய்மானம் கழிப்பாங்க. 2 முதல் 3 வயசு காருக்கு 15%. மூணு, 1500 சி.சி. வரை உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம்ம பொறுப்பு.

உதாரணமா ரெண்டரை வயசு கார். டயர் 6,000, அலாய் 8,000, லோயர் ஆர்ம் 4,000, கூலி 2,000, மொத்தம் 20,000 ரூபாய்னு வைப்போம். டயருக்கு 3,000, அலாய்க்கு 6,800, ஆர்முக்கு 3,400, கூலி 2,000, ஆக 15,200. அதுல 1,000 போக, கையில வர்றது 14,200.

நல்ல லாபம்னு தோணுதா? பொறுங்க, நோ கிளைம் போனஸ் இருக்கு. கிளைம் பண்ணாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம்னு பிரீமியத் தள்ளுபடி ஏறிக்கிட்டே போகும். இந்தக் காருக்கு அடுத்த வருஷம் 35% கிடைக்கணும். கிளைம் பண்ணா பூஜ்யத்துக்கு வந்து முதல்லேர்ந்து ஏறணும். அடுத்த அஞ்சு வருஷத்துல இழக்கிறது 35, 25, 25, 15, 5, கூட்டினா 105%. சொந்த சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய்னு வெச்சா, இழப்பு 10,500. கார் பழசாக ஆக பிரீமியம் குறைஞ்சா இழப்பும் கொஞ்சம் குறையும். ஆக, மேல சொன்ன கிளைம்ல நிகர லாபம் சுமார் 3,700 தான். வெறும் அலாய் மட்டும் போயிருந்தா? 6,800-ல 1,000 போக 5,800 வரும், 10,500 போகும். கைக்காசைப் போட்டுடறதே புத்திசாலித்தனம். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன், போனஸ் பாதுகாப்பு மாதிரி கூடுதல் கவர் இருந்தா கணக்கு மாறும். பாலிசியை ஒரு தடவை வாசிச்சுடுங்க.

கிளைம்னு முடிவு பண்ணா, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே குழி, சக்கரம், நம்பர் பிளேட் மூணும் தெரியிற மாதிரி போட்டோ எடுங்க. கம்பெனிக்கு உடனே சொல்லுங்க. சர்வேயர் பார்க்கிறதுக்கு முன்னாடி எதையும் கழட்டாதீங்க. ஆயில் ஒழுகத் தெரிஞ்சும் ஓட்டி இன்ஜின் போனா, அது தொடர் இழப்புன்னு மறுத்துடுவாங்க.

அடுத்த குழி வரும்போது

பிரேக்கைக் குழிக்கு முன்னாடியே போட்டு, குழியில இறங்கும்போது காலை எடுத்துடுங்க. பிரேக் பிடிச்ச நிலையில காரோட மூக்கு கீழே அமுங்கி, சஸ்பென்ஷன் ஏற்கனவே சுருங்கியிருக்கும். அடியை வாங்க இடம் மிச்சம் இருக்காது. சட்டுனு வெட்டித் திருப்பாதீங்க, பக்கத்துல டூவீலர் வந்துக்கிட்டிருக்கலாம். தண்ணி நிக்கிற இடத்தைக் குழின்னே நினைச்சுக்கோங்க. டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்படி காத்து வைங்க. காத்து குறைஞ்சா ரிம் வரைக்கும் அடி போகும்.

அழகுக்குப் பெரிய அலாய் போடுற நண்பர்களுக்கு ஒரு கணக்கு. 185/65 ஆர்15 டயரோட பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். 205/45 ஆர்17-க்கு 92 தான். அடி தாங்குற ரப்பர்ல கிட்டத்தட்ட கால்வாசியை நாமே கழட்டிடறோம்.

குழியை யார்கிட்ட சொல்றது?

2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ என்ற பிரிவு வந்தது. சாலையைத் தரமா அமைக்காத, பராமரிக்காத ஒப்பந்ததாரர், அதிகாரி மேல 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனா அது உயிரிழப்பு அல்லது ஊனம் ஏற்பட்டா மட்டும்தான். நம்ம ரிம்முக்கு இல்ல.

அதுக்காகப் புகார் கொடுக்காம போயிடாதீங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033, சென்னை மாநகராட்சிச் சாலைன்னா 1913, மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலைன்னா "நம்ம சாலை" ஆப். இன்சூரன்ஸுக்கு எடுத்த அதே போட்டோ இதுக்கும் போதும்.

2013 முதல் 2017 வரை நாட்டுல குழிகளால 14,926 பேர் இறந்ததா உச்ச நீதிமன்றத்தோட சாலைப் பாதுகாப்புக் குழு சொன்னது. எல்லையிலும் பயங்கரவாதத்தாலும் இறந்தவங்களைவிட இது அதிகமா இருக்கும்னு 2018 டிசம்பர்ல நீதிமன்றமே வேதனைப்பட்டது. நாலு சக்கரம், ஸ்பிரிங், சீட் பெல்ட்டோட போற நமக்கு ஒரு ரிம் போச்சு. அதே குழிக்கு ராத்திரி பத்து மணிக்கு, தண்ணி நிறைஞ்சிருக்கும்போது, ஒருத்தர் பைக்ல வருவார். சர்வேயருக்காகக் காத்திருக்கிற நேரத்துல அந்தப் புகாரையும் பதிஞ்சுடுங்க.