கரைநீரும் கலநீரும்

துறையில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகை மூழ்கடிக்கப் புயல் வேண்டியதில்லை. கரையிலிருந்து வந்து இணையும் குடிநீர்க் குழாயே அதைச் செய்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராயகிரியில் வாழ்வோர்க்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், மலையைக் கடந்து மேற்கே சென்றால் கொச்சியின் போல்காட்டித் தீவில் அயல்நாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து தங்கும் படகுத்துறை இருக்கிறது. கிழக்கே தூத்துக்குடியில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகள் நிற்கின்றன. அங்கெல்லாம் ஆளும் நீரியல் விதியே ராயகிரியின் தெருக்குழாயையும் ஆள்கிறது.

படகின் நீரமைப்பு எளியது. சில நூறு லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி. அதிலிருந்து நீரை உந்தும் சிறு மின்எக்கி. அடுக்களைக்கும் குளியலறைக்கும் செல்லும் மெல்லிய குழாய்கள். இவற்றில் ஒரு மூட்டு கழன்றால் தொட்டிநீர் முழுவதும் படகின் அடித்தளத்தில் கொட்டும். அப்போதும் படகு மூழ்காது. கொட்டிய நீர் முன்பே படகு சுமந்திருந்த எடைதான். இடம் மாறிற்றேயன்றி எடை கூடவில்லை. மிதக்கும் பொருள் தன் எடைக்கு நிகரான நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீசு வகுத்த விதி. எடை மாறாதவரை படகு சற்றுச் சாயலாம், ஆழ்ந்து அமிழாது.

கரைக்குழாயைப் படகின் குழாய்களோடு நேரே பூட்டியவுடன் இந்தக் காப்பு அற்றுப்போகிறது. இப்போது உள்ளே கொட்டும் ஒவ்வொரு லிட்டரும் புதிய சுமை. நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் நீர் பாய்ந்தால் ஒரு மணி நேரத்தில் 1,200 லிட்டர், அதாவது 1.2 டன். படகு 5 டன் எடையுள்ளது என்று கொள்வோம். நான்கு மணி நேரம் கடந்த சற்றைக்கெல்லாம் அதன் எடைக்கு நிகரான நீர் உள்ளே சேர்ந்துவிடும். அடித்தள நீரை வெளியேற்றும் எக்கி மின்கலத்தில் ஆற்றல் உள்ளவரையே உழைக்கும். கரைநீருக்கு அத்தகைய எல்லை இல்லை.

மூட்டுகள் ஏன் கழல்கின்றன? பத்து மீட்டர் உயர நீர்நிரல் சதுரசென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். முப்பது மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் மூன்று கிலோ. எக்கி கொண்டு நேரே உந்தும் இடங்களில் இன்னும் மிகும். ஊர் உறங்கும் இரவில் பயன்பாடு குறைவதால் குழாயில் அழுத்தம் மேலும் ஏறும். படகின் குழாய்களோ தம் சிறு எக்கியின் அழுத்தத்துக்கு ஏற்பவே அமைந்தவை. ஆகவே அழுத்தக் குறைப்பான் கட்டாயம் வேண்டும். அதனைப் படகின் முனையில் அன்றி, கரைக்குழாயின் வாயிலேயே பொருத்த வேண்டும். அப்போதுதான் இடையில் கிடக்கும் நெகிழ்குழாயும் காப்புப் பெறும்.

இதுவரை கண்டது படகுக்கு வரும் கேடு. படகால் கரைக்கு நேரும் கேட்டை நான் இன்னும் பெரிதாகக் கருதுகிறேன். தீயணைப்புக்கு நீர் எடுக்கும்போதோ, பெருங்குழாய் உடையும்போதோ கரையின் அழுத்தம் திடீரென வீழும். அவ்வேளையில் நீர் திசை மாறும். நெகிழ்குழாயின் முனை அழுக்கு வாளியிலோ கடல்நீரிலோ அமிழ்ந்து கிடந்தால் அந்த நீர் ஊரின் குடிநீருக்குள் உறிஞ்சப்படும். 1933ஆம் ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சிக்கு வந்தோரிடையே அமீபாச் சீதபேதி பரவி 98 பேர் மாண்டனர். விடுதிகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தவறாகத் தொடர்புற்றிருந்ததே அதற்குக் காரணம். நம் ஊர்களில் குடிநீர்க் குழாயில் மின்மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுவோர் இதே ஆபத்தை அழைக்கின்றனர். மோட்டார் இழுக்கும்போது குழாயின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்துக்குக் கீழே போகும். எங்கோ உள்ள விரிசல் வழியே சாக்கடை நீர் உள்ளே நுழையும். அது உறிஞ்சியவர் வீட்டோடு நிற்காது.

மீள்பாய்வைத் தடுக்க ஒருவழி அடைப்பிதழ் உண்டு. கடையில் 'நான்-ரிட்டர்ன் வால்வு' என்று கேட்டால் தருவார்கள். எனினும் மணற்துகள் ஒன்று சிக்கினால் அது முழுதாய் மூடாது. பழுதாகவே முடியாத தடுப்பு காற்றிடைவெளிதான். நெகிழ்குழாயின் முனை தொட்டிநீரைத் தொடாதபடி, வாய்க்கு மேலே உயர்த்திப் பிடித்து நிரப்ப வேண்டும். இடையில் காற்று இருக்கும்போது நீர் பின்னோக்கி ஏற வழியில்லை. தொட்டி நிரம்பியதும் குழாயை எடுத்துவிட்டுப் படகின் எக்கியையே பயன்படுத்துவதே என் துணிபில் சாலச் சிறந்த முறை. கரைக்குழாயை நேரே பூட்டும் வசதிக்காக இத்தனை ஆபத்தை ஏற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நெகிழ்குழாய் குடிநீருக்கென்றே செய்ததாய் இருத்தல் வேண்டும். படகைக் கழுவும் குழாய் இதற்கு ஆகாது. வெயிலில் கிடந்த குழாயில் தேங்கிய நீர் சூடேறி, குளோரின் காப்பை இழந்திருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். ஆதலால் நீர் குளிர்ந்து தெளிந்து வரும்வரை முதலில் வெளியே ஓடவிடுக. வேலை முடிந்தபின் குழாயை வடித்து, இருமுனைகளையும் மூடியிட்டு, தரைபடாமல் மாட்டி வைக்க வேண்டும். நேரிணைப்பைத் தவிர்க்கவே இயலாதவர், படகைவிட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் கரைக்குழாயின் திருகை மூடுக. மூடியபின் படகினுள் ஒரு குழாயைத் திறந்து, எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுச் செல்க.