டோலில் நீளும் குச்சி

பட்டர்வொர்த் பக்கமிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறும் முன் டோல் சாவடி வரும். அங்கே வரிசையில் நிற்கும்போது முன்னால் உள்ள காரைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி இறங்கும், ஒரு கை வெளியே வரும். சில கார்களில் கைக்குப் பதிலாக ஒரு குச்சி வரும். அதன் நுனியில் டச் அண்ட் கோ அட்டை செருகியிருக்கும். சாவடியை ஒட்டிக் காரை நிறுத்த வராதவர்களுக்காகவே கடைகளில் விற்கிற குச்சி அது. அட்டை இயந்திரத்தை நெருங்கியதும் ‘பீப்’ என்று சத்தம் கேட்கும், தடுப்புக் கட்டை எழும்பும், கார் பறந்துவிடும்.

தம்பி தங்கைகளே, எனக்கு அந்தக் குச்சியைப் பார்த்தால் சிரிப்பாக வரும். கம்பியே இல்லாமல் பேசும் அட்டைக்கு எதற்குக் குச்சி? வீட்டு வைஃபை மாடி வரை எட்டுகிறது. கைப்பேசி பாலத்தின் நடுவில், கடலுக்கு மேலேகூட வேலை செய்கிறது. இந்த அட்டை மட்டும் ஏன் நாலு விரல் தூரத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது?

ஏனென்றால் அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ஓர் அட்டையை எடுத்து, அதன் பின்னால் பளிச்சென்ற டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சில அட்டைகளில் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் தெரியும். அது உலோகக் கம்பிச் சுருள். சுருளின் முனைகளில் அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு சில்லு இருக்கிறது. பையில் கிடக்கும்போது அந்தச் சில்லு செத்த பொருள்தான். அதற்கு உயிர் கொடுப்பது டோல் இயந்திரம்.

இயந்திரத்துக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அதில் மின்சாரம் வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தடவை முன்னும் பின்னும் ஓடுகிறது. அதனால் சுருளைச் சுற்றிலும் காந்தப்புலம் தோன்றி, அதே வேகத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. மாறும் காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச் சுருளைக் கொண்டுபோனால் அதில் மின்சாரம் பிறக்கும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு கண்டுபிடித்தது இதைத்தான். அவர் கொல்லரின் மகன், சிறுவயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்தவர். உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காக லண்டனில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அறிவியல் பேச்சுகள் நடக்கக் காரணமாக இருந்தவரும் அவரே. டோலில் நாம் அட்டையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் அவருடைய சோதனையைத்தான் மறுபடி செய்கிறோம்.

சரி, அட்டையின் சுருளில் பிறந்த மின்சாரத்தால் விழித்துக்கொண்ட சில்லு எப்படிப் பதில் பேசும்? அதற்குத்தான் சொந்தச் சக்தி இல்லையே! பழைய வீடுகளில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விளக்கு லேசாக மங்கும், பார்த்திருப்பீர்கள். சில்லும் அதே வேலையைச் செய்கிறது. தான் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் கூட்டிக் குறைக்கிறது. எதிரே உள்ள சுருளில் ஏற்படும் அந்தச் சின்ன அசைவை இயந்திரம் உணர்ந்து ஒன்று, சுழியம் என்று படிக்கிறது. வினாடிக்கு 106,000 ஒன்று-சுழியங்கள்!

காந்தப்புலமோ தூரம் கூடினால் மளமளவென்று வலுவிழக்கும். சுருளைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போனபின், தூரம் இரண்டு மடங்கானால் வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஏறக்குறைய 4 சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் அட்டை ஒழுங்காக விழிக்கும். குச்சி தேவைப்படுவது அதனால்தான். 2022 ஜனவரியில் பினாங்கின் ஜூருவிலிருந்து ஜொகூரின் ஸ்கூடாய் வரை நெடுஞ்சாலை டோல்களில் வந்த, காரில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி வில்லைக்கும் பேட்டரி கிடையாது. ஆனால் அது காந்தப்புலத்தை நம்பாமல் வானொலி அலையை வாங்கித் திருப்பி அனுப்புவதால் சில மீட்டர் தள்ளியே வேலை செய்கிறது.

டச் அண்ட் கோ மலேசியச் சாலைகளுக்கு வந்தது 1997 மார்ச்சில். அப்போது உங்கள் அப்பா அம்மாவே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். அதன் வசதியைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எண் போதும். 2020இல் பினாங்குப் பாலத்தின் கார் கட்டணம் 7 ரிங்கிட்டிலிருந்து 5 ரிங்கிட் 74 சென்னாகக் குறைந்தது. ஒரு சென் நாணயத்தில் கணக்குப் பார்க்கும் வழக்கம் 2008இலேயே போய்விட்டது. அந்த 4 சென்னை யார் எப்படி எண்ணிக் கொடுப்பது? அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. மீதிப் பணத்தைத் தன் சில்லிலேயே எழுதி வைத்திருக்கிறது. வங்கியைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் அங்கேயே கழித்துவிடுகிறது.

வங்கி அட்டை அப்படியில்லை. பணம் வங்கியில் இருக்கிறது. ‘நான் உண்மையான அட்டைதான்’ என்று நிரூபிப்பது மட்டுமே அட்டையின் வேலை. ரகசியத்தை வெளியே சொல்லாமல் அதை நிரூபிக்க வேண்டும். முடியுமா? ஒரு கணக்குப் போடுவோம்.

அட்டைக்கும் வங்கிக்கும் மட்டும் தெரிந்த ரகசிய எண் 37 என்று வைத்துக்கொள்வோம். கடை இயந்திரம் ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கிறது: 58. அட்டை இரண்டையும் பெருக்குகிறது: 2146. கடைசி இரண்டு இலக்கமான 46ஐ மட்டும் சொல்கிறது. வங்கியும் அதே கணக்கைப் போட்டு, 46 வந்ததும் ‘சரி’ என்கிறது. அடுத்த முறை இயந்திரம் வேறு எண் கொடுக்கும், பதிலும் மாறும். பக்கத்தில் நின்று 46ஐ ஒட்டுக்கேட்டவருக்கு அது நாளைக்குப் பயன்படாது. போதாததற்கு, எத்தனையாவது தடவை என்ற எண்ணிக்கையையும் தொகையையும் அட்டை அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது.

என் கணக்கில் ஓட்டை இருக்கிறது, கண்டுபிடித்தீர்களா? 58ஆல் பெருக்கினால் 46 என்று முடியும் இரண்டிலக்க எண்கள் இரண்டே இரண்டு: 37, 87. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். உண்மையான அட்டைகளில் கணக்கும் கடினம், ‘சாவி’ எனப்படும் ரகசிய எண்ணும் நீளம். 112 பிட் சாவி, அதாவது 112 ஒன்று-சுழியங்கள் கொண்ட சாவி என்றால் தேட வேண்டிய சாவிகளின் எண்ணிக்கையே 34 இலக்கம் வரும்.

சாவி மட்டும் நீளமாக இருந்தால் போதாது. 1990களில் வந்த மைஃபேர் கிளாசிக் என்ற சில்லை லண்டன், நெதர்லாந்து பயண அட்டைகளில் வைத்திருந்தார்கள். அதன் சாவி 48 பிட். சில்லு கணக்குப் போடும் முறையையே அதைத் தயாரித்த கம்பெனி ரகசியமாக மூடி வைத்திருந்தது. 2008இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த முறையைப் பிரித்து, உள்ளே பலவீனம் இருப்பதைக் காட்டினார்கள். வெளியிடக் கூடாது என்று கம்பெனி நீதிமன்றம் போனது, ஜெயிக்கவில்லை. இன்றைக்கு வங்கி அட்டைகள் போடும் கணக்கு முறை உலகத்துக்கே தெரியும். சாவி மட்டும்தான் ரகசியம். எனக்கு இதுதான் அதிக நம்பிக்கை தருகிறது.

அப்படியானால் பயமே வேண்டாமா? தொலைத்துவிட்டால் பயம்தான். மலேசியாவில் வங்கி அட்டையை ஒரு தடவை 250 ரிங்கிட் வரை பின் எண் இல்லாமலே தட்டலாம், அதற்கு மேல் போனால்தான் ஆறிலக்க எண்ணைக் கேட்கும். டச் அண்ட் கோ அட்டையோ டோலில் எதுவுமே கேட்காது. கீழே கிடந்ததை எடுத்தவர் தட்டிக்கொண்டே போகலாம். வங்கி அட்டை காணோம் என்றால் உடனே அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள், வங்கிக்குப் பேசி அட்டையை முடக்கிவிடுவார்கள். தட்டும் வசதியே வேண்டாம் என்றாலும் வங்கியில் சொல்லி நிறுத்தலாம். பேருந்தில் நெருக்கிக்கொண்டு ஒருவர் ரகசியமாக உங்கள் பைக்கு அருகே கருவியைக் கொண்டுவந்தால்? அட்டை எண்ணையும் காலாவதி தேதியையும் படிக்க முடியலாம். பின்பக்கத்து மூன்று இலக்கமோ, பின் எண்ணோ, சாவியோ கிடைக்காது.

கடைசியாக வீட்டுச் சோதனை. 2022 முதல் விற்கும் புதிய டச் அண்ட் கோ அட்டையின் மீதியைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அப்போது கைப்பேசிதான் டோல் இயந்திரத்தின் வேலையைச் செய்கிறது. பெரியவர்களின் அனுமதியோடு, அட்டைக்கும் கைப்பேசிக்கும் நடுவே பயிற்சிப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போங்கள். எத்தனை மில்லிமீட்டரில் அட்டை தூங்கிவிடுகிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். பிறகு புத்தகங்களை எடுத்துவிட்டு, சமையலறை அலுமினியத் தாளை அட்டை மேல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். அவ்வளவு மெல்லிய தாள், ஆனால் அட்டை விழிக்காது. தாளிலேயே மின்சாரம் பிறந்து, வந்த காந்தப்புலத்தை எதிர்த்து நிற்கிறது. தாளில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் என்ன ஆகும்? நான் சொல்லப்போவதில்லை. செய்து பார்த்துவிட்டு எழுதி அனுப்புங்கள்.