பாட்டுக்கும் காதுக்கும் நடுவே சில மில்லிநொடிகள்

ஒரே ஒரு பியானோ. அதன் முன்னே ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உரச இருவர். பக்கத்தில் நான்கு குரல்கள்: சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ். இசையமைப்பாளர் யோஹானஸ் பிராம்ஸ் 1869-இல் வெளியிட்ட ‘லீபஸ்லீடர் வால்ட்ஸர்’ என்ற காதல் பாடல் வரிசைக்கு வேண்டியது இவ்வளவுதான். மொத்தம் 18 குறும்பாடல்கள். முழுவதையும் பாடி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஏக்கம், கொஞ்சல், ஊடல் எல்லாம் உண்டு. ஊரார் தூற்றும் அலருக்கு எரிச்சலோடு பதில் சொல்லும் பாட்டும் உண்டு. அலர் தூற்றும் வாய்களையெல்லாம் பூட்டிவிடச் சொல்லிப் பூட்டுக் கொல்லனைக் கூப்பிடும் பாட்டும் உண்டு. எல்லாமே வால்ட்ஸ் நடனத்தின் மூன்றடித் தாளத்தில். 1870 ஜனவரியில் இந்த வரிசை வியன்னாவில் முழுமையாக அரங்கேறியபோது அந்தப் பெஞ்சில் அமர்ந்தவர்கள் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனும் பிராம்ஸும்.

வீட்டுக் கூடத்தில் நண்பர்கள் கூடிப் பாடுவதற்கு உகந்த இசை இது. இன்று பெரிய சேர்ந்திசைக் குழுக்களும் இதை விரும்பிப் பாடுகின்றன. இப்படி நெருக்கத்தையே மூலப்பொருளாகக் கொண்ட ஒன்றை, ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு இணையத்தில் அரங்கேற்ற முடியுமா? முடியும். எப்படி முடிகிறது என்று ஆராயப் போனால், ‘சேர்ந்து பாடுவது’ என்றால் உண்மையில் என்ன என்பதும் புலப்படுகிறது.

கூடிப் பாடும் உடல்

சேர்ந்து பாடும்போது உடலுக்குள் நடப்பவற்றைச் சிலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். சுவீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் தலைமையிலான குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு அவற்றில் ஒன்று. ஒரே பாட்டைப் பாடுகிறவர்கள் ஒரே இடங்களில் மூச்செடுக்கிறார்கள். மூச்சுக்கு ஏற்ப இதயத்துடிப்பு ஏறி இறங்குவதால், அவர்களுடைய துடிப்பின் ஏற்ற இறக்கங்களும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. பரிணாம உளவியலாளர் ராபின் டன்பார் இடம்பெற்ற பிரிட்டிஷ் ஆய்வுக்குழு வேறொன்றைக் கண்டது. சிறு குழுவானாலும் 200 பேருக்கு மேல் கூடிய பெருங்குழுவானாலும், பாடி முடித்த பின் பாடகர்களின் வலி தாங்கும் திறன் கூடியது. ஒருவரோடொருவர் நெருக்கமாக உணர்வதும் கூடியது.

அதே மூச்சே ஆபத்தான நாளும் வந்தது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குச் சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை நடத்தியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் அறிகுறியோடு வந்த ஒருவரிடமிருந்து, உறுதியானதும் அநேகமாக உறுதியானதுமாக 52 பேருக்குக் கொரோனா பரவியது. இருவர் இறந்துபோனார்கள். உலகமெங்கும் பாடகர் குழுக்கள் கலைந்து வீட்டுக்குப் போயின. திரைகளின் முன்னே அமர்ந்து, சேர்ந்து பாடிப் பார்த்தன. முதல் நாலு அடிக்குள்ளேயே பாட்டு சிதறியது.

தாமதத்தின் கணக்கு

ஏன் சிதறியது? தூரம்தான் காரணம் என்று தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆகிறது. மேடையில் பத்து மீட்டர் வரிசையின் இரு முனைகளில் நிற்பவர்கள் ஒருவர் குரலை மற்றவர் 29 மில்லிநொடி தாமதமாகத்தான் கேட்கிறார்கள். எந்தச் சேர்ந்திசைக் குழுவும் எந்தக் காலத்திலும் ஒரே கணத்தில் பாடியதில்லை.

கண்ணாடி இழையில் ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. ஒரு மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர். கம்பி வழித் தூரம் 200 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டால்கூட, வியன்னாவில் பாடும் ஒருவரின் குரல் கிராட்ஸ் நகரத்தை எட்ட ஒரு மில்லிநொடி போதும். ஒரே அறையில் ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில் நிற்பதற்கு அது சமம்! வியன்னாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 9,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கு போய்ச்சேர மட்டும் 45 மில்லிநொடிக்குக் குறையாது. இந்த எல்லையை எந்தக் கருவியாலும் மாற்ற முடியாது.

பக்கத்து ஊருக்குப் பாடும்போதும் குரல் பிந்தி வருவதற்குக் காரணம், வழியெங்கும் அது காக்கவைக்கப்படுவதுதான். மைக் பிடித்த ஒலியைக் கணினி நொடிக்கு 48,000 மாதிரிகளாக நறுக்கி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டுகிறது. ஒரு பொட்டலத்துக்கு 128 மாதிரி என்றால், அது நிரம்பவே 2.7 மில்லிநொடி ஆகும். பிறகு சுருக்க வேண்டும், அனுப்ப வேண்டும், மறுமுனையில் விரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பொட்டலங்கள் சீராக வந்து சேர்வதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். பேச்சு அறுபடாமல் இருக்க, காணொளிக் கூட்டச் செயலிகள் வந்த பொட்டலங்களைக் கொஞ்ச நேரம் தேக்கிவைத்துத்தான் ஒலிக்கவிடுகின்றன. ப்ளூடூத் ஹெட்ஃபோன் மாட்டினால் இன்னும் நூறு மில்லிநொடி, சிலவற்றில் அதற்கும் மேல். பேசுகிறவர்களுக்கு இது உறைக்காது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடி வரை உரையாடலுக்கு ஏற்றது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பாட்டுக்கு அது பெரும் பள்ளம்.

இன்னொரு தடையும் உண்டு. இந்தச் செயலிகள் ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவார் என்று எண்ணி உருவாக்கப்பட்டவை. நாலு பேர் ஒன்றாகக் குரல் எழுப்பினால் ஒருவரை முன்னிறுத்தி மற்றவர்களை அமுக்கிவிடும். நீட்டிப் பாடும் ‘ஆ’காரத்தை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிடுவதும் உண்டு.

கைதட்டல் சொன்ன உண்மை

எவ்வளவு தாமதத்தை மனிதர்கள் தாங்குவார்கள்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃபும் அவருடைய தோழர்களும் இதைச் சோதித்தார்கள். இருவரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் தட்டலுக்குள் இன்னொருவர் தட்டல் கோத்துக்கொள்ளும் தாளம் ஒன்றைக் கொடுத்தார்கள். இருவருக்கும் நடுவிலான தாமதத்தை 3 முதல் 78 மில்லிநொடி வரை மாற்றிப் பார்த்தார்கள்.

தாமதம் கூடக்கூடத் தாளம் தளர்ந்தது. மற்றவர் தட்டல் பிந்தி வருவதுபோல் கேட்கிறது. இவர் சற்றுப் பொறுக்கிறார். இவர் பொறுத்தது அங்கே இன்னும் பிந்திக் கேட்கிறது, அவரும் பொறுக்கிறார். இப்படி மாறி மாறி விட்டுக்கொடுத்தே தாளம் நொண்டுகிறது. சுமார் 60 மில்லிநொடியைத் தாண்டினால் கட்டுக்குலைகிறது. ஆனால் யாரும் எதிர்பாராதது மறுமுனையில் இருந்தது. தாமதம் சுமார் 10 மில்லிநொடிக்கும் கீழே போனபோது தட்டல் தானாக வேகமெடுத்தது. 10-க்கும் 20-க்கும் இடையில்தான் தாளம் நிலையாக நின்றது. மூன்று முதல் ஏழு மீட்டர் இடைவெளியில் நிற்பவர்களுக்கு இயல்பாக ஏற்படும் தாமதம் அது. ஒரு கூடத்தின் அகலத்துக்குப் பழகியவை நம் காதுகள்.

இந்த எல்லைக்குள் தாமதத்தை அடக்கச் சிலர் பாடுபட்டிருக்கிறார்கள். சேஃபும் ஹுவான் பாப்லோ கசெரெஸும் உருவாக்கிய ‘ஜாக்ட்ரிப்’, இத்தாலியின் த்ரியெஸ்தே இசைக் கல்லூரியில் பிறந்த ‘லோலா’ போன்ற மென்பொருள்கள் ஒலியைச் சுருக்காமல், தேக்கத்தை மிகவும் குறைத்து அனுப்புகின்றன. கம்பிவழி இணைப்பும் கம்பியுள்ள ஹெட்ஃபோனும் இருந்தால், சில நூறு கிலோமீட்டருக்குள் உள்ளவர்கள் நேரலையிலேயே சேர்ந்து பாட முடிகிறது.

ஓசையின்றிக் கையசைத்தவர்

கண்டம் தாண்டியவர்கள் என்ன செய்வது? அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர் வேறு வழி கண்டார். 2009-இல் இளம் ரசிகை ஒருவர் அவருடைய இசைக்கோவை ஒன்றின் சோப்ரானோ பகுதியைத் தனியாகப் பாடி, காணொளியாக இணையத்தில் வெளியிட்டார். இப்படியே எல்லோரும் அவரவர் பகுதியைப் பாடி அனுப்பினால் என்ன என்ற எண்ணம் விட்டேக்கருக்கு எழுந்தது. முற்றிலும் மௌனமான அறையில், மனத்துக்குள் மட்டும் பாட்டைக் கேட்டபடி இசை நடத்துவதைப் படம்பிடித்தார். பிறகு தன் கையசைவையே பார்த்துப் பியானோவை வாசித்துச் சேர்த்தார். 2010-இல் வெளிவந்த அந்த முதல் முயற்சியில் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர் பாடினார்கள். 2020-இல் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர்.

மெட்ரோனோமின் டிக்டிக் ஒலியை வைக்காமல் மனிதக் கையை வைத்ததில் ஆழமான காரணம் இருக்கிறது. பிராம்ஸின் வால்ட்ஸுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வியன்னா வால்ட்ஸில் மூன்று அடிகளும் சமமானவை அல்ல. முதலடி சற்றுக் குறுகி, இரண்டாம் அடி முந்திக்கொண்டு வரும். இந்த ஏற்றத்தாழ்வு சில பத்து மில்லிநொடிதான். ஆனால் நடனத்தின் துள்ளல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. இணையம் திருடிக்கொள்ளும் நேரமும் அதே அளவு. எனவே இந்த வரிசையை வீடுகளிலிருந்து பதிவு செய்கிறவர்கள் முதலில் பியானோக்காரர் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பேன். அந்த நெளிவு சுளிவோடு பியானோ கிடைத்தால்தான் பாடகர்களுக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும்.

சுருதியும் கூட்டமும்

தனி அறையில் பாடும்போது இழப்பது தாளத்தை மட்டுமல்ல. பாடகர் குழு சுருதி சேர்வது ஒருவரையொருவர் கேட்டுத்தான். 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸுமாக இரு குரல்கள் அருகருகே ஒலித்தால், நொடிக்கு இருமுறை ஓர் அதிர்வு துடிக்கும். அந்தத் துடிப்பு அடங்கும் வரை இருவரும் தங்களையறியாமல் நகர்வார்கள். அப்படி இழைந்து நிற்கும் அந்தர காந்தாரம், பியானோ தரும் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு தாழ்ந்தது. ஹெட்ஃபோனில் பியானோவை மட்டும் கேட்டுப் பாடுகிறவர் பியானோவின் காந்தாரத்தையே பிடிப்பார். ஒவ்வொருவரும் சரியாகப் பாடியிருப்பார்கள்; சேர்த்துக் கேட்டால் அந்த இனிமை இருக்காது.

அதற்காக எல்லாக் குரல்களையும் மென்பொருளால் ஒரே கோட்டுக்கு இழுத்துவிட்டாலும் பாட்டு செத்துப்போகும். ஒரே குரலை நூறு முறை பிரதியெடுத்து அடுக்கினால், ஒரு மனிதர் உரக்கப் பாடுவதுபோல்தான் கேட்கும். நூறு பேரின் சுருதியிலும் நேரத்திலும் நடுக்கத்திலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசும்போதுதான் ‘கூட்டம்’ என்ற ஒலி பிறக்கிறது. அதனால் நல்ல எடிட்டர் குறைவாகவே திருத்துவார். அவர் கறாராக இருக்க வேண்டிய இடம் சொல்லின் கடைசி மெய்யெழுத்து: ஐம்பது பேர் முன்பின்னாக ‘ஸ்’ சொன்னால் ஒரு சீறலே கேட்கும். கடைசி மெய்யைச் சிலரிடம் மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை உயிரொலியோடு நிறுத்தச் சொல்வது நல்ல தீர்வு.

எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரவும் வழியுண்டு. பலூனை உடைத்து ஒரு மண்டபத்தின் எதிரொலியைப் பதிவு செய்துகொண்டால், எந்தக் குரலையும் கணக்கின் வழியே அந்த மண்டபத்துக்குள் ஒலிக்கவைக்கலாம். இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவில் ஒலி அடங்க ஏறத்தாழ 11 நொடி ஆகும். அங்கே இப்படிப் பதிவு செய்த எதிரொலியைக் கொண்டு, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களும் கப்பெல்லா ரோமானா குழுவும் 2019-இல் ஓர் இசைத்தட்டே வெளியிட்டார்கள். காதல் பாட்டுக்கு அத்தனை பெரிய மண்டபம் வேண்டாம்; நல்ல மரத்தளம் போட்ட ஒரு கூடத்தின் எதிரொலி போதும்.

கேட்பதற்கு ஒரு நேரம்

இடைவெளியை இசையமைப்பாளர்கள் எதிர்கொள்வது இது முதல் முறையன்று. 16-ஆம் நூற்றாண்டில் வெனிசின் சான் மார்கோ பேராலயத்தில் பாடகர்கள் எட்ட எட்டப் பிரிந்து நின்று, ஒருவர் பாட ஒருவர் பதில் சொல்லும் இசை தழைத்தது. இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் இணையம்வழிக் கச்சேரிகளில் தாமதத்தையும் இசையின் பகுதியாக ஏற்றுக்கொண்டார். பிராம்ஸின் வரிசையிலும் இதற்கு இடம் இருக்கிறது. மூன்றாம் பாட்டு ஆண் குரல்கள் இரண்டுக்கு. நான்காவது பெண் குரல்கள் இரண்டுக்கு. பதின்மூன்றாவதும் பதினான்காவதும் அப்படியே, முறை மாறி. ஏழாவதும் பதினேழாவதும் தனிக்குரல். ஒரு பாட்டைப் பாடுகிறவர்கள் பியானோவோடு ஓரிடத்தில் இருந்தால், மாறி மாறி வரும் இந்தப் பாட்டுகளை நேரலையிலேயே பாடலாம். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் விழும் தாமதம் யாரையும் இடறாது.

நான்கு குரலும் பின்னும் பாட்டுகளுக்கு நான் சொல்லும் முறை இது. பியானோவுக்குப் பின் பாஸ் பதிவாகட்டும். அதைக் கேட்டு டெனர். இருவரையும் கேட்டு ஆல்ட்டோ. மூவரையும் கேட்டு சோப்ரானோ. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் பாடிய பாஸ் யாரையும் கேட்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். இப்போது மற்ற மூவரையும் கேட்டுக்கொண்டு அவர் திரும்பப் பாட வேண்டும். பிறகு டெனரும் அப்படியே. இரண்டாம் சுற்றில் காந்தாரம் தன் இடத்துக்கு இறங்கும், அடிகள் ஒன்றுக்கொன்று இடம் விடும். நேரம் ஒன்றுபடுவது இசைவின் விளைவுதான். அந்த இசைவுக்குக் காரணம், ஒருவர் இன்னொருவரைக் கேட்டுத் தன்னைச் சிறிது மாற்றிக்கொள்வது. வலைப்பின்னல் அதைத் தானாகத் தராது. ஆகவே காதல் பாடல்களை இணையத்தில் அரங்கேற்ற நினைக்கும் குழு, நல்ல கேமரா வாங்குவதற்கு முன் அந்த இரண்டாம் சுற்றுக்கு நாள் ஒதுக்கட்டும்.