நாலு மணி நேரம் மூணு நிமிஷமானது எப்படி?

பயிற்சிக்குப் போன பட்டறையில் பவர் பிரஸ்ஸில் டை மாற்ற அரை ஷிப்ட் போயிற்று. பாதி நேரம் ஸ்பேனர் தேடியதுதான்!

ஜப்பானின் டொயோட்டா ஆலையில் 1969-ல் 1000 டன் பிரஸ் ஒன்றுக்கு இதே வேலை 4 மணி நேரம் பிடித்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற நிபுணர் அதை இரண்டாகப் பிரித்தார். மிஷினை நிறுத்தினால்தான் செய்ய முடிகிற வேலை ஒன்று. ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது மற்றொன்று. முடிந்தவரை எல்லாவற்றையும் இரண்டாவதற்கு மாற்றினார். முதலில் 90 நிமிடம், பிறகு 3 நிமிடம்!

இதைச் சொன்னதும் ஆபரேட்டர் அண்ணன் கேட்டார்: "நேரம் மிச்சமானா ஆளைக் குறைப்பாங்களா தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. நிர்வாகம் முதலில் சொல்ல வேண்டிய பதில் அது. சொன்னால்தான் தொழிலாளி மாற்றத்துக்குக் கை கொடுப்பார். நாளை சூபர்வைசராகப் போகும் நாம் இதை மறக்கக்கூடாது.