பாட்டும் பட்டமும் – பல்கலைக்கழக வேலைக்கு எதைப் படிப்பது?

நவராத்திரியிலும் தியாகராஜ ஆராதனையிலும் நம் சங்கத்தில் பாடும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வருஷா வருஷம் என்னிடம், "மாமா, பாட்டையே படிச்சு காலேஜ்ல வாத்தியாராப் போக முடியுமா?" என்று கேட்பதுண்டு. முடியும். ஆனால் வழி தெரிந்து படிக்க வேண்டும். தில்லியில் முப்பது வருஷமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் இசைத்துறை உதவிப் பேராசிரியர் பதவிக்கு இரண்டு வாசல்களை வைத்தன. ஒன்று பட்ட வாசல்: இசையில் 55 சதவிகிதத்தோடு முதுகலை, அதன்மேல் 'நெட்' தேர்ச்சி. மற்றொன்று வித்வான் வாசல்: இளங்கலைப் பட்டத்தோடு, பெயர்பெற்ற குருவிடம் பயின்று, வானொலி அல்லது தூர்தர்ஷனில் 'ஏ' கிரேடு பெற்று, பாடத்தை விளக்கிச் சொல்லவும் தெரிந்த கலைஞருக்கு உரியது.

கேட்க இரண்டாவது வாசல்தான் இனிக்கிறது. ஆனால் 'பி', 'பி-ஹை' என்று படியேறி 'ஏ'யைத் தொடுவதற்குள் பலருக்குத் தலை நரைத்துவிடும். இருபத்திரண்டு வயசுப் பிள்ளை அதை நம்பி உட்கார முடியாது. முதல் வாசலுக்குப் படி, இரண்டாவதற்குச் சாதகம் பண்ணு என்பதே என் கட்சி.

முதுகலைக்குப் பல பெயர்கள். எம்.ஏ. என்பார்கள், எம்.மியூஸ். என்பார்கள், மாஸ்டர் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் என்பார்கள். (தமிழில் சுருக்கினால் இதுவும் எம்.பி.ஏ.தான், வரன் பார்க்கும்போது ஜாக்கிரதை!) பெயரைவிட, கர்நாடக இசை முதன்மைப் பாடமா, செய்முறையோடு இசையியலும் ஒழுங்காக உண்டா என்று பாருங்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் இந்துஸ்தானியோடு கர்நாடக இசைக்கும் எம்.ஏ. இருக்கிறது. சென்னை, கேரளப் பல்கலைக்கழகங்களிலும் இசைத்துறை உண்டு. பி.காம். படித்தவர்களைச் சில இடங்களில் பாட்டுத் தேர்வு வைத்துச் சேர்ப்பார்கள். சில இடங்களில் இசையிலேயே இளங்கலை கேட்பார்கள். சங்கீத சமிதிகள் தரும் டிப்ளமாக்கள் கௌரவமானவைதான்; ஆனால் அவை எம்.ஏ.வின் இடத்தில் நிற்காது.

அடுத்தது நெட். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு ஸ்வரம்கூடப் பாடச் சொல்லமாட்டார்கள்! கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். எனவே குரலை மட்டும் நம்பினால் போதாது. கலைச்சொற்களையும் லட்சண நூல்களின் வரலாற்றையும் ஆங்கிலத்திலும் படித்து வைக்க வேண்டும்.

"எம்.ஏ. முடிச்சதும் எம்.ஃபில். பண்ணு" என்பது அந்தக் காலத்துப் பெரியவர்கள் யோசனை. 2022ஆம் ஆண்டு விதிகளோடு எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது; யாராவது இடம் தருகிறேன் என்றால் பணம் கட்டிவிடாதீர்கள். பி.எச்டி.யோ குறைந்தது 3 வருஷம். பல்கலைக்கழகத் துறைகளில் சேரவே அது கட்டாயம் என்றிருந்ததை 2023 ஜூலையில் தளர்த்தி, நெட் அல்லது மாநிலத் தேர்வான 'செட்' போதும் என்றார்கள். அந்தப் 'போதும்' விண்ணப்பம் போடத்தான். நேர்முகத்துக்கு ஆளைப் பொறுக்கும்போது பி.எச்டி.க்குத் தனி மதிப்பெண் உண்டு. பின்னால் இணைப் பேராசிரியர் ஆகவும் அது வேண்டும். ஆகவே எம்.ஏ., நெட், பி.எச்டி. என்ற வரிசை நல்லது. நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம்.

கசப்பையும் சொல்ல வேண்டும். வடக்கே கர்நாடக இசைக்குப் பதவிகள் மிகக் குறைவு. தகுதி எல்லாம் இருந்தும் கெஸ்ட் லெக்சரராகவே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். தெற்கேயும் விண்ணப்பிக்கத் தயாராக இருக்க வேண்டும். இசையில் இளங்கலை இருந்தால் கேந்திரிய வித்யாலயா இசை ஆசிரியர் வேலைக்கும் முயலலாம்.

இதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பலம் உண்டு. இந்தி பேசும் வகுப்பில் பாடம் எடுக்க அவர்களால் முடியும். தமிழும் எழுத்துக்கூட்டாமல் படிக்க வந்தால், ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' (1917), விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) போன்றவை ஆராய்ச்சிக்குத் திறந்து கிடக்கின்றன. வீட்டில் தமிழ் பேசினால் மட்டும் இந்த நூல்கள் பிடிபடா. ஆகையால் பெற்றோர்களே, பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பிள்ளையைச் சங்கத்தின் தமிழ் வகுப்புக்கும் அனுப்புங்கள்.