மதில் எழுந்த மைதானம்: பல்கலைக்கழகமும் சுற்றியுள்ள ஊர்களும் - சாந்திநிகேதனின் நூற்றாண்டு அனுபவம்

மேற்கு வங்க மாநிலம் பீர்பூம் மாவட்டத்தில் உள்ள சாந்திநிகேதனில், பௌஷ் மேளா நடைபெறும் மைதானத்தைச் சுற்றி விஸ்வபாரதி பல்கலைக்கழகம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மதில் எழுப்பத் தொடங்கியது. ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். மைதானத்தின் வாயில் ஒன்று இயந்திரம் கொண்டு இடித்துத் தள்ளப்பட்டது. கட்டுமானப் பொருள்கள் சேதப்படுத்தப்பட்டன. பல்கலைக்கழகம் காலவரையறையின்றி மூடப்பட்டது. விவகாரம் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை எட்டி, அதற்குத் தீர்வு காண நான்கு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

கல்வி நிறுவனங்கள் தங்கள் வளாகத்திற்கு மதில் கட்டுவது நாடெங்கும் நடைபெறுவதுதான். பெரும்பாலான ஊர்களில் அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. இங்கு மட்டும் அது இத்தனை பெரும் கொந்தளிப்பாக ஏன் மாறியது என்பதை அறிய, அந்த மைதானத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்திற்கும் அதைச் சுற்றி வாழும் மக்களுக்கும் இடையே உறவு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு தேய்கிறது என்பதும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

ரவீந்திரநாத் தாகூரின் தந்தை தேவேந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனுக்காக 1888-ஆம் ஆண்டில் எழுதிய அறக்கட்டளைப் பத்திரத்திலேயே ஆண்டுதோறும் ஒரு மேளா நடத்தப்பட வேண்டும் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. வங்க நாட்காட்டியின் பௌஷ் மாதம் 7-ஆம் நாளில் தொடங்கும் அந்த மேளா, 1894-ஆம் ஆண்டு முதல் நடைபெறத் தொடங்கியது. ரவீந்திரநாத் அங்கே பள்ளி தொடங்கியது 1901-இல். விஸ்வபாரதி நிறுவப்பட்டது 1921-இல். ஆக, பல்கலைக்கழகத்தைவிட மேளா மூத்தது. பாவுல் பாடகர்களும் சந்தால் பழங்குடியினரும் கைவினைஞர்களும் கூடும் அந்தத் திடலை, சுற்றுவட்டார மக்கள் தங்களுடையதாகவே கருதி வந்தனர்.

சுருல் கிராமத்தில் தொடங்கிய பணி

மேளா ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே. உறவின் அன்றாட அடித்தளம் மூன்று கிலோமீட்டர் தொலைவில், சுருல் கிராமத்தில் இடப்பட்டது. அங்கிருந்த பழைய மாளிகை ஒன்றையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் தாகூர் 1912-ஆம் ஆண்டிலேயே வாங்கியிருந்தார். 1922 பிப்ரவரி 6-ஆம் தேதி அங்கே கிராமப் புனரமைப்பு நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்ற அந்நிலையத்தின் முதல் இயக்குநர் இங்கிலாந்தைச் சேர்ந்த லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். தொடக்க காலச் செலவுக்கான நிதி அமெரிக்கரான டோரத்தி ஸ்ட்ரெயிட்டிடமிருந்து வந்தது. பின்னாளில் அவர் எல்ம்ஹர்ஸ்ட்டை மணந்தார்.

சுருல் அப்போது தேய்ந்துகொண்டிருந்த ஊர். அதற்கு எல்ம்ஹர்ஸ்ட் கண்ட காரணங்கள் மூன்று: பயிரை அழிக்கும் குரங்குகள், மலேரியா, மக்களுக்குள் ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கையின்மை. முதல் இரண்டையும் எந்த வேளாண் அலுவலரும் எழுதியிருப்பார். மூன்றாவதைப் பட்டியலில் சேர்த்ததே முக்கியமானது. படித்தவர்கள் ஊருக்குள் வந்து அறிவுரை கூறுவதால் அந்த நம்பிக்கையின்மை நீங்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

எனவே அவருடன் சென்ற மாணவர்களின் முதல் வேலை கிராமத்தில் தொடங்கவில்லை. தங்கள் சொந்த இருப்பிடத்திலேயே தொடங்கியது. சமையல், காய்கறித் தோட்டம் ஆகியவற்றைத் தாங்களே கவனித்தனர். குழி தோண்டிக் கழிவை மண்ணில் புதைத்து உரமாக்கும் வேலையையும் அவர்களே செய்தனர். சாதிக் கட்டுப்பாடு நிறைந்த அக்காலச் சூழலில், கல்லூரி மாணவர்கள் மலக்கழிவைக் கையாள்வது சிறிய செய்தியன்று.

அதன் பிறகே ஊர்களுடனான பணி. தாகூரின் பண்ணை ஊர்களில் முன்பே பணியாற்றிய காளிமோகன் கோஷ் அதில் பெரும் பங்கு வகித்தார். கிராமச் சிறுவர்களைக் கொண்டு ‘பிரதி பாலக்’ எனும் தொண்டர் குழுக்கள் அமைக்கப்பட்டன. கூரை வீடுகளில் தீப்பிடித்தால் அணைப்பது, கொசு பெருகும் குட்டைகளைச் சீர்செய்வது, கொய்னா மருந்து வழங்குவது ஆகியவை அவர்களது பணிகள். ஊரின் வேலையை ஊர்ச் சிறுவர்களே செய்தனர். நிலையம் பயிற்சி மட்டும் அளித்தது. பின்னர், குடும்பங்கள் சிறு சந்தா செலுத்தி மருத்துவரின் சேவையைப் பெறும் கூட்டுறவுச் சுகாதாரச் சங்கங்களும் உருவாயின.

கிராமக் குழந்தைகளுக்காக 1924-இல் தொடங்கப்பட்ட சிக்ஷா சத்ரா பள்ளி, சில ஆண்டுகளில் ஸ்ரீநிகேதனுக்கு மாற்றப்பட்டது. நெசவு, தோல் வேலை, மட்பாண்டம், பாத்திக் அச்சு ஆகிய கைத்தொழில்களுக்கும் அங்கே பயிற்சி அளிக்கப்பட்டது. அவற்றில் தோல் பொருள்களே இன்றுவரை நிலைத்த வருவாயாக நிற்கின்றன. ‘சாந்திநிகேதன் தோல் பொருள்கள்’ புவிசார் குறியீடு பெற்றவை; போல்பூர் வட்டாரத்தில் பல குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன.

நாட்டையே மாற்றப்போவதாகத் தாகூர் கூறிக்கொள்ளவில்லை. ஓரிரு கிராமங்களையாவது அறியாமையிலிருந்தும் இயலாமையிலிருந்தும் விடுவித்தால் போதும் என்பதே அவரது நிலைப்பாடு. பல்கலைக்கழகங்களின் இன்றைய ஆண்டறிக்கைகளில் இத்தகைய அடக்கத்தைக் காண்பது அரிது.

விரிசல் விழுந்த இடம்

விஸ்வபாரதி 1951-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. சுருலில் தொடங்கிய பணி, பல துறைகளுள் ஒன்றாகத் தொடர்ந்தது. நிதி டெல்லியிலிருந்து வந்தது. தேர்வு, நியமனம், தணிக்கை என நிர்வாகத்தின் கவனம் இயல்பாகவே அத்திசைக்குத் திரும்பியது. ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மேளா விவகாரத்தில் பல்கலைக்கழகத்தின் தரப்பிலும் நியாயம் இருந்தது. மேளாவால் ஏற்படும் மாசு தொடர்பாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. ஒதுக்கப்பட்ட நாள்கள் முடிந்த பின்னரும் கடைகள் அகற்றப்படாதது ஆண்டுதோறும் எழுந்த பிரச்சினை. இத்தனை பெரிய கூட்டத்தை நிர்வகிப்பது ஒரு கல்வி நிறுவனத்தின் வேலையா என்ற கேள்வியும் புறந்தள்ளத்தக்கதல்ல. ஆனால் 2020-இல் மேளாவைக் கைவிடும் முடிவும் அதைத் தொடர்ந்து மதிலும் வந்தபோது, வணிகர்களும் ஊர்மக்களும் அவற்றை ஒரே செய்தியாகவே புரிந்துகொண்டனர். குப்பை பற்றிய பேச்சு, மைதானம் யாருடையது என்ற பேச்சாக மாறியது.

சாலை விவகாரமும் இதே போன்றதுதான். உபாசனா மந்திர் வழியாகச் செல்லும் சாலையை மாநில அரசு 2017-இல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. போக்குவரத்து தடைபடுவதாகக் குடியிருப்போர் புகார் கூறியதை அடுத்து, அதைத் திரும்பப் பெறுவதாக 2020 டிசம்பரில் அரசு அறிவித்தது. சாந்திநிகேதன் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானபோது, கனரக வாகனங்களால் கட்டடங்களுக்குக் கேடு நேரும் எனக் கூறி அதே சாலையைப் பல்கலைக்கழகம் மீண்டும் கேட்டது.

மேளாவைப் பொறுத்தவரை, 2019-க்குப் பின் சில ஆண்டுகள் பல்கலைக்கழகம் அதனை நடத்தவில்லை. 2023-இல் மாவட்ட நிர்வாகம் பழைய மைதானத்தில் நடத்தியது. 2024-இல் பல்கலைக்கழகமும் சாந்திநிகேதன் அறக்கட்டளையும் மீண்டும் பொறுப்பேற்றன.

தத்தெடுப்பு என்னும் சொல்

நாட்டின் பிற கல்வி நிறுவனங்களுக்கும் இந்த அனுபவம் பொருந்தும். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 2014 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘உன்னத பாரத இயக்கம்’ டெல்லி ஐஐடியின் ஒருங்கிணைப்பில் நடைபெறுகிறது. அதில் சேரும் நிறுவனங்கள் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. சமூக ஈடுபாட்டைப் பாடமாகவே நடத்தும் வழிகாட்டுதலையும் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டுள்ளது.

இவற்றின் நோக்கம் குறித்து ஐயமில்லை. ஆயினும் ‘தத்தெடுப்பு’ என்ற சொல் சற்று விந்தையானது. சில நூற்றாண்டு பழைமையுள்ள கிராமத்தை, முப்பது வயதுகூட நிரம்பாத கல்லூரி தத்தெடுக்கிறது. முகாம் முடிந்து பேருந்து கிளம்பியதும், கணக்கெடுப்புப் படிவங்களில் நிரப்பிய தகவல் என்ன ஆயிற்று என்று கிராமத்தவர் எவரிடம் கேட்பது? மறு ஆண்டு வேறொரு மாணவர் குழு அதே வினாக்களுடன் வருகிறது. சுருலில் மாணவர்கள் அங்கேயே தங்கியிருந்தனர். கேட்பதற்கு ஆள் இருந்தது.

சுருலின் வழி தெற்கிலும் தொடர்ந்ததற்குச் சான்று உண்டு. சாந்திநிகேதனில் பயின்ற ஜி. ராமச்சந்திரன், தம் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியை ஒட்டி காந்திகிராமத்தை நிறுவினார். அங்கே 1956-இல் தொடங்கிய கிராமிய நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. முதலில் கிராமப் பணி வந்தது. பல்கலைக்கழகம் பின்னர் அதிலிருந்து வளர்ந்தது.

ஸ்ரீநிகேதனில் அதன் நிறுவன நாளான பிப்ரவரி 6-ஆம் தேதி மாக் மேளா ஆண்டு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. பௌஷ் மேளா அளவுக்குச் சுற்றுலாப் பயணிகள் இதற்கு வருவதில்லை. சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த காய்கறிகளைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.