இதயத்தைக் காக்க இன்ச் டேப்!

நடுராத்திரி மதுரை பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலும் சூடா புரோட்டா, சால்னா கிடைக்கிற ஊர் நம்மளோடது. அதே ஊர்ல தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இன்னொரு கதையும் இருக்கும்... ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார், திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார்!’ கேட்டா, ‘எல்லாம் விதி’ம்பாங்க. விதியைத் தாண்டி அதுல ஒரு கணக்கு இருக்குன்னு காட்டின டாக்டர்தான் இந்த வார ஹீரோ. பேர், சலீம் யூசுஃப்.

திருமங்கலத்துல கொல்லம் ரோட்டைப் பிடிச்சு ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை தாண்டிப் போனா கொட்டாரக்கரை வரும். 1952-ல் யூசுஃப் பிறந்தது அங்கேதான். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில எம்.பி.பி.எஸ். முடிச்சவர், ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்ல ஆக்ஸ்ஃபோர்டு போனார். ஸ்டெதஸ்கோப்போட ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் கையில எடுத்தது அங்கேதான்!

மேட்டர் சிம்பிள், பாஸ். ஒரு மருந்தோட பலன் சின்னதா இருந்தா, அதை நூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிழைச்சது மருந்தாலயா, தற்செயலான்னு குழம்பிடும். ஆயிரக்கணக்குல ஆள் வேணும். அப்படி இவரும் சேர்ந்து நடத்தின ஐசிஸ்-1 ஆய்வுல, மாரடைப்பு வந்த 16,000-க்கும் மேற்பட்ட நோயாளிங்க இருந்தாங்க. முடிவு 1986-ல் வெளியாச்சு. ப்ராஜெக்ட்டுக்காக முப்பது பேர்கிட்ட சர்வே எடுக்கவே நமக்கு நாக்கு தள்ளுது!

அப்புறம் சில வருஷம் அமெரிக்கா. 1992-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். அங்கிருந்து இவர் தலைமையில நடந்ததுதான் ‘இன்டர்ஹார்ட்’. 52 நாடுகள்ல, முதல்முறையா மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும், வராத அதே அளவு ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2004-ல் ரிசல்ட். புகை, கெட்ட கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், தினமும் காய்கறி-பழம் சாப்பிடாதது, உடம்பை அசைக்காதது, மதுப் பழக்கம்... இந்த ஒன்பது விஷயங்களுக்குள்ளேயே முதல் மாரடைப்பு ஆபத்துல ஆண்களுக்கு 90 சதவிகிதமும் பெண்களுக்கு 94 சதவிகிதமும் அடங்கிடுச்சு! அதுல முதல் ரெண்டு வில்லன்கள், புகையும் கொழுப்பும்.

இப்போ நமக்கான ஷாக். முதல் மாரடைப்பு வர்ற சராசரி வயசு மத்த நாடுகள்ல கிட்டத்தட்ட 59. இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசியாவுல 53! 2007-ல் வெளியான கணக்கு இது. 53-ங்கிறது யார் வயசு? நாம செமஸ்டர் ஃபீஸ் கட்டிக்கிட்டு இருக்கும்போது, நம்ம அப்பாக்களுக்கு இருக்கிற வயசு. காரணம் நம்ம ரத்தத்துல இருக்கிற தனி மர்மம் ஏதுமில்ல. அதே ஒன்பது விஷயங்கள் நம்மகிட்ட இளவயசுலயே வந்து உட்கார்ந்துக்குது, அவ்வளவுதான். ‘அளவா அடிச்சா ஹார்ட்டுக்கு நல்லது’ன்னு சொல்ற ஃப்ரெண்டுக்கு ஒரு தகவல்: தெற்காசியக்காரங்ககிட்ட மது எந்தப் பாதுகாப்பும் தரலை!

யூசுஃப் அத்தோட விடலை. பிரஷர், கொழுப்பு மருந்துகளை ஒரே மாத்திரையில அடக்கினா என்னன்னு யோசிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர். பேரு, ‘பாலிபில்’. 2009-ல் இந்தியாவுல 2,053 பேர்கிட்ட முதல் சோதனை. அதை இங்கே ஒருங்கிணைச்சது அவர் படிச்ச அதே செயின்ட் ஜான்ஸ்! அடுத்த பெரிய சோதனையில 5,713 பேர், அதுல பாதிக்குக் கொஞ்சம் குறைவா இந்தியர்கள். பாலிபில்லோட ஆஸ்பிரினும் எடுத்தவங்கள்ல நூத்துக்கு 4.1 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பாதிப்பு வந்துச்சு. வெத்து மாத்திரை எடுத்தவங்கள்ல 5.8. அதாவது 31 சதவிகிதம் குறைவு. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் பாலிபில்லை அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. அதுக்காக மெடிக்கல் ஷாப்புல நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க. ஆஸ்பிரின் சிலருக்கு ரத்தக்கசிவை உண்டாக்கும். டாக்டர் சொல்லணும்.

ஆபரேஷன் பண்ணி உயிரைக் காப்பாத்தின டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுறோம். மாரடைப்பே வராம தடுத்தா? தப்பிச்சவருக்கே தெரியாது, யாருக்குன்னு நன்றி சொல்வார்? அந்த நன்றி கிடைக்காத வேலையை நாற்பது வருஷத்துக்கும் மேல செஞ்சிருக்கார் மனுஷன்!

சரி, நாம என்ன பண்ணலாம்? வீட்டுல தையல் டேப் இருக்கா? அப்பா இடுப்பை அளந்து பாருங்க. நம்ம நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினா உஷார். அம்மாவையும் விட்டுடாதீங்க. மேலூரோ, உசிலம்பட்டியோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷரும் சுகரும் இலவசமாவே பார்ப்பாங்க. காலையில தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கிற கூட்டத்துல ரெண்டு பேரும் சேர்ந்துக்கலாம்.

‘எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்’னு அப்பா எகிறுவார். எகிறட்டும்... பைக்ல பின்னாடி உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க!